உடனடி வெந்நீரில் ஒளிந்திருக்கும் செலவு

இந்த வருடம் நம் சங்கத்தின் பொங்கல் விழாவில், பந்தி முடிந்து கை கழுவும் இடத்தில் ஓர் இளம் தம்பதி என்னைப் பிடித்துக்கொண்டார்கள். வேலூரிலிருந்து திருப்பதிக்கு மாற்றலாகி வந்து மூன்று மாதந்தான் ஆகிறதாம். "சார், நீங்க ரயில்வேல எஞ்சினியரா இருந்தவர்னு சொன்னாங்க. பாத்ரூமுக்கு டேங்க் இல்லாத இன்ஸ்டன்ட் கீசர் வாங்கலாம்னு இருக்கோம். விலையும் கம்மி, கரண்டும் மிச்சம்னு கடைக்காரர் சொல்றார். வாங்கலாமா?" என்று அந்தப் பெண் கேட்டார். சித்தூர் பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில், "கொஞ்சம் யோசித்து வாங்குங்கள் அம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அரைகுறையாகப் பதில் சொன்னது மனதை உறுத்திக்கொண்டே இருக்கிறது. உறுத்தலுக்கு வேறொரு காரணமும் உண்டு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

நம் ஊர்க் கடைகளில் 'இன்ஸ்டன்ட்' என்று விற்பது இரண்டு வகை. ஒன்று மின்சாரத்தில் ஓடுவது. ஒரு லிட்டரோ மூன்று லிட்டரோ பிடிக்கும் சிறு பாத்திரமும், 3 கிலோவாட் அல்லது 4.5 கிலோவாட் காயிலும் அதற்குள் இருக்கும். இன்னொன்று சமையல் கேஸில் எரிவது. குழாயைத் திறந்ததும் தானே பற்றிக்கொண்டு, தாமிரக் குழாய்ச் சுருளில் ஓடும் தண்ணீரைச் சூடாக்கும். இரண்டுமே பார்ப்பதற்குச் சின்னது, மாட்டுவதற்கு எளிது, விலையும் குறைவு. கடைக்காரர் சொன்னதில் அந்த மட்டும் பொய் இல்லை.

ஆனால் கரண்ட் மிச்சம் என்பதை ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு வாளித் தண்ணீர் 20 லிட்டர். மார்கழிக் காலையில் தொட்டித் தண்ணீர் 25 டிகிரி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். குளிக்க 42 டிகிரி போதும். பதினேழு டிகிரி ஏற்ற ஆகும் மின்சாரம் 0.4 யூனிட். எந்தக் கருவியில் காய்ச்சினாலும் தண்ணீருக்குள் போகவேண்டிய வெப்பம் அதேதான். அதைக் குறைக்க எந்தக் கம்பெனியாலும் முடியாது. டேங்க் உள்ள ஹீட்டரில் கூடுதலாக வீணாவது, காய்ந்த தண்ணீர் சும்மா நிற்கும்போது கசிந்து போகும் சூடு மட்டுமே. நாள் முழுவதும் சுவிட்சைப் போட்டே வைத்திருக்கும் வீட்டில் அது நல்ல தொகையாக வரும். குளிக்கப் போவதற்கு இருபது நிமிடம் முன்பு போட்டு, பிறகு அணைத்துவிடும் வீட்டில் அது பெரிய விஷயமே இல்லை. 15 லிட்டர் டேங்க்கை 2 கிலோவாட் காயிலில் 60 டிகிரிக்குக் கொண்டுவர ஏறக்குறைய பதினெட்டு நிமிடம் ஆகும். பச்சைத் தண்ணீர் கலந்தால் அது முப்பது லிட்டர் குளியல் தண்ணீராகிவிடும்.

இன்ஸ்டன்டில் அதே ஒரு வாளி நிரம்ப எட்டு நிமிடம். குழாயை நூல் போல ஒழுகவிட்டால்தான் இந்தச் சூடு கிடைக்கும். ஷவரில் நிமிடத்துக்கு ஆறு லிட்டர் வரவேண்டும் என்று திறந்தீர்களானால், 3 கிலோவாட் கருவி ஏழு டிகிரிதான் ஏற்றிக் கொடுக்கும். கதகதப்பு என்று சொல்லிக்கொள்ளலாம், வெந்நீர் என்று சொல்ல முடியாது. இத்தனைக்கும் கீசர் என்ற பெயர், ஐஸ்லாந்து நாட்டில் வானத்தை நோக்கிப் பீறிட்டு அடிக்கும் ஒரு வெந்நீர் ஊற்றின் பெயர்!

இனி ஒளிந்திருக்கும் செலவுக்கு வருகிறேன். சித்தூரில் என் வீடு 1994ல் கட்டியது. ஓய்வு பெற்ற பிறகு 3,200 ரூபாய்க்கு ஒரு 3 கிலோவாட் இன்ஸ்டன்ட் வாங்கி, பழைய வாஷிங் மெஷின் பிளக்கிலேயே சொருகினேன். 230 வோல்ட்டில் 3 கிலோவாட் என்றால் 13 ஆம்பியர். அது எனக்குத் தெரியாததா? தெரியும். சுவருக்குள் போவது எந்தக் கனமுள்ள ஒயர் என்று பார்க்கத்தான் சோம்பல். நாலாம் நாள் பிளக் அருகே கருகல் வாசனை. பிரித்துப் பார்த்தால், விளக்குக்குப் போடும் மெல்லிய ஒயரில்தான் அந்த பிளக் பாயிண்டையும் இழுத்திருந்தார்கள். மெயின் போர்டிலிருந்து தனியாக 4 சதுர மில்லிமீட்டர் தாமிர ஒயர், தனி எம்.சி.பி., நல்ல எர்த், ஷாக் அடிக்காமல் வெட்டிவிடும் ஆர்.சி.சி.பி., கொத்தனார் கூலி, பெயிண்ட் என்று 6,700 ரூபாய் ஆயிற்று. ஹீட்டர் விலையைப் போல இரு மடங்கு. இந்தத் தொகையை எந்தக் கடையிலும் விலைச் சீட்டில் எழுதி ஒட்டுவதில்லை.

மின்வாரியத்திடம் நாம் எத்தனை கிலோவாட்டுக்கு ஒப்பந்தம் செய்திருக்கிறோம் என்பதும் இருக்கிறது. ஒரு கிலோவாட்டுக்கு எடுத்த பழைய இணைப்பில் மூன்று கிலோவாட்டை ஒரே இழுப்பாக இழுத்தால், ஒருநாள் இல்லாவிட்டால் ஒருநாள் கூடுதல் சுமைக்கு வளர்ச்சிக் கட்டணமும் வைப்புத்தொகையும் கட்டச் சொல்லிக் காகிதம் வரும். வோல்டேஜ் குறைந்தால் நஷ்டம் இன்னொரு விதம். சுற்றுவட்டாரத்தில் போர் மோட்டார்கள் ஓடும் நேரத்தில் என் வீட்டு வோல்டேஜ் 190க்கு இறங்குவதை மீட்டர் வைத்துப் பார்த்திருக்கிறேன். அப்போது 3 கிலோவாட் காயில் 2 கிலோவாட்தான் கொடுக்கும். டேங்க் ஹீட்டராக இருந்தால் பத்து நிமிடம் கூடக் காத்திருந்து அதே வெந்நீரைப் பெறலாம். இன்ஸ்டன்டில் காத்திருக்க இடமில்லை. தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கிறதே!

தண்ணீர் என்றதும் எனக்குப் பழைய நினைவு வந்துவிடும். டிப்ளமா முடித்து நான் ரயில்வேயில் சேர்ந்த காலத்தில், பாகாலா வழியாகப் போகும் மீட்டர் கேஜ் பாதையில் நீராவி எஞ்சின்கள் ஓடிக்கொண்டிருந்தன. எஞ்சினுக்கு நல்ல நிலக்கரி கிடைத்ததா என்பதைவிட, நல்ல தண்ணீர் கிடைத்ததா என்றுதான் பெரியவர்கள் அதிகம் கவலைப்படுவார்கள். குறிப்பிட்ட நாளுக்கு ஒருமுறை எஞ்சினை நிறுத்தி, பாய்லரை ஆறவிட்டு, பிளக்குகளைக் கழற்றி, பீச்சி அடித்துக் கழுவவேண்டும். 'வாஷ் அவுட்' என்று பெயர். உள்ளேயிருந்து வெள்ளை வெள்ளையாகச் சுண்ணாம்பு ஓடு பெயர்ந்து விழும். எனக்கு வேலை கற்றுக்கொடுத்த மேஸ்திரி ஒரு துண்டை என் கையில் கொடுத்து, "தம்பி, இது முட்டை ஓடு கனம்தான். ஆனா இதுக்குப் பின்னால இருக்கிற தகடு வெந்து செத்துப்போகும்" என்றார். அவர் பள்ளிக்கூடம் போனதில்லை. வெப்பக் கடத்தல் பற்றி நான் பாலிடெக்னிக்கில் படித்ததெல்லாம் அந்த இரண்டு வாக்கியத்தில் அடங்கிவிட்டது.

நம் பக்கத்துப் போர்வெல் தண்ணீர் பல இடங்களில் கடினமானது. பாறைக்குள்ளிருந்து வருவதால் கால்சியம், மெக்னீசிய உப்புகள் கரைந்து வருகின்றன. குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணயம் ஏற்கும் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம். வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்கிறது. என் வீட்டுப் போர் தண்ணீரைச் சோதிக்கக் கொடுத்தபோது 400க்குச் சற்று மேலே காட்டியது. தினமும் 100 லிட்டர் சூடாக்கினால், வருடத்தில் அந்தச் சிறு பாத்திரத்தின் வழியாக 14 கிலோவுக்கு மேல் உப்பு கடந்து போகிறது. சூடு பட்டதும் அதில் ஒரு பகுதி சுண்ணாம்பாகப் பிரிந்து காயில் மேலேயே படியும். நூற்றில் ஒரு பங்கு தங்கினாலும் 140 கிராம். மூன்று லிட்டர் பாத்திரத்துக்குள், இடைவெளியே இல்லாமல் சுருட்டி வைத்த காயிலில், 140 கிராம் சுண்ணாம்பு!

டேங்க் ஹீட்டரிலும் இதே சுண்ணாம்புதான் படிகிறது, மறுக்கவில்லை. ஆனால் அங்கே இடம் தாராளம். அடியில் வண்டலாகத் தங்கும். மூடியைக் கழற்றிச் சுரண்டலாம், காயிலை மாற்றலாம். அரிப்பைத் தான் வாங்கிக்கொள்ளும் மெக்னீசியக் கம்பியையும் சில வருடத்துக்கு ஒருமுறை மாற்றவேண்டும். அதுவும் செலவுதான். இன்ஸ்டன்டில் பல மாடல்களைத் திறக்கவே முடியாதபடி ஒட்டிவிடுகிறார்கள். என்னுடையது பதினான்காம் மாதம் காயில் வெடித்தது. வாரண்டி கேட்டபோது, "போர் தண்ணீர் சார், அது வாரண்டியில் வராது" என்றார்கள். சின்ன எழுத்தில் அப்படித்தான் அச்சடித்தும் இருந்தது. வேலையை விட்டு வந்த பிறகு நான் இரண்டாவது முறையாகக் கையில் எடுத்துப் பார்த்தேன், அந்த முட்டை ஓட்டை.

இது நம் ஊர்ச் சங்கதி மட்டும் அல்ல. அமெரிக்காவில் வீடு முழுவதற்கும் இப்படி டேங்க் இல்லாத கருவி வைக்கிறார்கள். மின்சாரத்தில் என்றால் 24, 36 கிலோவாட் வரை போகும். அதற்கு வீட்டு மெயின் போர்டையே மாற்றவேண்டி வருகிறது. கடினத் தண்ணீர் உள்ள இடங்களில் வருடத்துக்கு ஒருமுறை வினிகர் விட்டுச் சுற்றவைத்துக் கழுவுகிறார்கள், நம் வாஷ் அவுட் மாதிரியே. 2021 பிப்ரவரியில் டெக்சாஸ் மாநிலத்தில் கடுங்குளிரில் மின்சாரம் நின்றபோது, வெளிச்சுவரில் மாட்டிய பல கருவிகளில் தண்ணீர் உறைந்து குழாய்கள் வெடித்தன. குளிரைத் தாங்கவைக்கும் ஏற்பாடும் மின்சாரத்தில்தானே ஓடுகிறது.

இப்போது கேஸ் கீசர். முதலில் சொல்கிறேன் என்றேனே, அந்த உறுத்தலின் காரணம் இதுதான். திருப்பதியில் பைராகிப்பட்டெடைப் பக்கம் வாடகை வீட்டில் இருந்த என் மகளுக்கு, "அப்பா, எந்த ஹீட்டர் போடலாம்?" என்று கேட்டபோது கேஸ் கீசர் போடச் சொன்னவன் நானேதான். வீட்டு ஒயரிங் பழையது, அதற்குச் செலவு செய்ய வீட்டுக்காரர் ஒத்துக்கொள்ளவில்லை, ஆகையால் கேஸ் நல்லது என்று என் கணக்கு. கருவியைப் பாத்ரூமுக்குள்ளேயே மாட்டினார்கள். நான் அருகில் நின்று குழாய் இணைப்பில் சோப்பு நுரை தடவிக் கசிவு பார்த்தேன். கசிவு இல்லை. எனக்குப் பெருமை.

2019 டிசம்பர். நல்ல குளிர். பத்து வயதுப் பேத்தி குளிக்கப் போனாள். குளிர்காற்று வருகிறது என்று வென்டிலேட்டர் கண்ணாடியை மூடி, இடைவெளியில் துணியை அடைத்தது யார் என்று கேட்காதீர்கள். இருபது நிமிடம் கழித்துத் தண்ணீர்ச் சத்தம் மட்டும் வருகிறது, கூப்பிட்டால் பதில் இல்லை. மாப்பிள்ளை தோளால் இடித்துத் தாழ்ப்பாளை உடைத்தார். குழந்தை தரையில் கிடந்தாள். ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜன் வைத்து அன்று மாலையே கண் விழித்துவிட்டாள். முதலில் வலிப்பா என்றுதான் டாக்டர் கேட்டார். வீட்டில் கேஸ் கீசர் உண்டா என்று அவரே அடுத்துக் கேட்டது எங்கள் பாக்கியம். இந்திய மருத்துவ இதழ்களில் இதற்கு 'கேஸ் கீசர் சிண்ட்ரோம்' என்று தனிப் பெயரே வைத்துவிட்டார்கள்.

கணக்கை அதற்குப் பிறகுதான் போட்டேன். நிமிடத்துக்கு ஆறு லிட்டர் தரும் கேஸ் கீசர் முழு வேகத்தில் மணிக்கு ஏறக்குறைய ஒரு கிலோ கேஸை எரிக்கும். ஒரு கிலோ கேஸ் சரியாக எரிய 12 கன மீட்டருக்குக் குறையாத காற்று வேண்டும். ஐந்தடிக்கு ஏழடி, எட்டடி உயரமுள்ள பாத்ரூமில் இருக்கும் மொத்தக் காற்றே 8 கன மீட்டர். இருபது நிமிடத்தில் அதில் பாதியைக் கருவி தின்றுவிடுகிறது. காற்று குறையக் குறைய கேஸ் அரைகுறையாக எரிந்து கார்பன் மோனாக்சைடு உண்டாகும். நிறம் இல்லை, வாசனை இல்லை. இரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபினை ஆக்ஸிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேல் இறுக்கமாகப் பற்றிக்கொள்ளும். தலைவலி, தலைச்சுற்றல், குமட்டல், அப்புறம் மயக்கம். கேஸ் கசிந்தால் மூக்கு சொல்லும், அதற்காகவே அதில் நாற்றம் கலந்திருக்கிறார்கள். எரிந்த கேஸுக்கு அந்த நாற்றம் கிடையாது. நான் தடவிய சோப்பு நுரை, இல்லாத எதிரியைத்தான் தேடியது. கருவியோடு வந்த கையேட்டை அன்றிரவு எடுத்துப் படித்தேன். பாத்ரூமுக்குள் மாட்டக்கூடாது என்று அதில் இருந்தது.

மறுநாளே கழற்றியாயிற்று. புகையை வெளியேற்றும் குழாயுடன், திறந்த பால்கனியில் மாட்டி, குழாய் மட்டும் உள்ளே வருகிற மாதிரி இருந்தால் கேஸ் கீசரை நான் குறை சொல்லமாட்டேன். அப்படி மாட்ட ஆகும் செலவையும் சேர்த்தே விலை பேசுங்கள்.

என் வீட்டில் இப்போது 15 லிட்டர் டேங்க் ஹீட்டர். வருடம் ஒருமுறை, தீபாவளிக்கு முந்தின வாரம், நானே திறந்து சுரண்டுகிறேன். மொட்டை மாடியில் வெயிலுக்கா நமக்குப் பஞ்சம், சோலார் வைக்கக்கூடாதா என்று சிலர் கேட்பார்கள். தாராளமாக வைக்கலாம், சுண்ணாம்பு அதிலும் உண்டு என்பதை நினைவில் வைத்துக்கொண்டு.

அந்த இளம் தம்பதிக்கு: உங்கள் வீட்டுக்கு வருவது முனிசிபல் தண்ணீரா, போர் தண்ணீரா என்று வீட்டுக்காரரிடம் முதலில் கேளுங்கள். மின்கட்டண ரசீதில் ஒப்பந்தச் சுமை எத்தனை கிலோவாட் என்று போட்டிருக்கும், பார்த்து வையுங்கள். பாத்ரூம் பிளக்குக்கு வரும் ஒயரை நீங்கள் திறந்து பார்க்கவேண்டாம். அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது மீட்டரையும் டெஸ்டரையும் எடுத்து வருகிறேன், வந்து பார்த்துச் சொல்கிறேன். அதுவரை ஹீட்டர் வாங்காதீர்கள். பெரிய அண்டாவில் அடுப்பில் காய்ச்சிக்கொள்ளுங்கள்.