முற்பணம் வேலையை முந்தக் கூடாது

கடைக்கு ஒரு மூடை சீனி எடுப்பதென்றாலும் நாம் நாலு இடத்தில் விலை கேட்போம், நிறை பார்ப்போம், பில் வாங்குவோம். ஆனால் வாழ்நாள் உழைப்பைப் போட்டு வீடு கட்டும்போது மட்டும் "தெரிந்த பாஸ்தானே" என்று வாய்ப்பேச்சில் சல்லியைக் கொடுத்து விடுகிறோம். வேலை பாதியில் நின்றால் பணமும் போய் உறவும் போய்விடுகிறது.

இதற்கான பாடம் நம் ஊர்களிலேயே இருக்கிறது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு, முற்றாக உடைந்த வீட்டைச் சொந்தக்காரரே கட்டிக்கொள்ள அரசாங்கம் 250,000 ரூபா வழங்கியது. அதை மொத்தமாகக் கையில் கொடுக்கவில்லை. நான்கு தவணைகளாக, வேலை நடந்த அளவைப் பார்த்தே கொடுத்தார்கள். நாமும் கொந்தராத்துக்காரரிடம் அப்படியே பேச வேண்டும். அத்திவாரம், சுவர், கூரை, பூச்சு என்று பிரித்து, முடிந்த வேலைக்கே பணம். கடைசித் தவணையில் ஒரு பகுதியை ஒரு மாரி கழியும்வரை நிறுத்தி வையுங்கள். ஒழுக்கும் வெடிப்பும் அப்போதுதான் தெரியும்.

எனது கடைக்கு மேல்மாடி போட்டபோது மூவரிடம் விலை கேட்டேன். ஆகக் குறைந்த விலை சொன்னவர் பாதிப் பணத்தை முன்கூட்டியே கேட்டார். சற்றுக் கூடுதலாகச் சொன்னவரோ கம்பியின் அளவு, சீமெந்துக் கலவை எல்லாவற்றையும் எழுதித் தந்தார். தான் முன்பு கட்டிய வீட்டுக்கும் கூட்டிப் போனார். அவருக்கே வேலையைக் கொடுத்தேன்.

வாவிக் கரையில் கட்டுபவர்கள் இன்னொன்றையும் கேட்க வேண்டும்: மணல் எங்கிருந்து, தண்ணீர் எங்கிருந்து? கழுவாத கடற்கரை மணலிலும் உவர்க் கிணற்று நீரிலும் கொங்கிரீட் போட்டால் உள்ளே கம்பி துருப்பிடிக்கும். சில வருடங்களில் கொங்கிரீட் வெடித்து உதிரும். "ஆற்று மணல், நல்ல தண்ணீர்" என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதுங்கள்.

விலையேற்றத்தை யார் சுமப்பது என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும். 2022இல் ரூபா சரிந்து சீமெந்தும் கம்பியும் எகிறியபோது, சாமானோடு பேசிய கொந்தராத்துகள் பல இடங்களில் தகராறில் முடிந்தன. சாமானை நாமே வாங்கி, பாஸுக்குக் கூலி மட்டும் பேசினால் இந்தச் சிக்கல் குறையும். ஆனால் கணக்கும் காவலும் நம் தலையில் விழும்.

பெரிய வேலையென்றால், 2014ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் நிர்மாணக் கைத்தொழில் அபிவிருத்தி அதிகாரசபையில் அவர் பதிந்திருக்கிறாரா என்று பாருங்கள். நகர சபையிலோ பிரதேச சபையிலோ வரைபட அனுமதி எடுக்காமல் அத்திவாரம் வெட்டாதீர்கள்.

கடனை எழுதிக்கொள்ளுங்கள் என்ற குர்ஆனின் கட்டளை நாம் அறியாததல்ல. முற்பணம் கொடுத்து நாளை நடக்கவிருக்கும் வேலைக்குக் காத்திருப்பதும் ஒருவகைக் கடன்தான். எழுதிக் கேட்பது பாஸை அவமதிப்பதாகாது. எழுத்து அவருடைய கூலிக்கும் பாதுகாப்பு. நேர்மையான பாஸ் அதை மறுக்க மாட்டார்.