சருமத்தைப் பார்க்கக் கற்பித்தவர்

மனிதனுக்கு வருகிற வியாதிகளுள் சரும வியாதியைப் போல ஒருவனைப் பிறர் முன்னிலையில் கூனிக் குறுகச் செய்வது வேறொன்றில்லை. இருதயத்தில் கோளாறுடையவனும் நுரையீரல் பழுதுபட்டவனும் தம் நோயைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு நாலுபேர் நடுவே உலாவலாம். சொறியும் படையும் கண்டவனோ, அரிப்பின் உபத்திரவத்தோடு, இது இரத்தம் கெட்டதன் அடையாளம், அல்லது நடத்தை கெட்டதன் பலன் என்று பிறர் கொள்ளும் அபிப்பிராயத்தையும் சேர்த்துச் சுமக்க வேண்டியிருக்கிறது. இந்த இரண்டாவது சுமையை நோயாளியின் தோளிலிருந்து இறக்கிவைத்த வைத்தியர்களுள் தலையாயவர், பத்தொன்பதாம் நூற்றாண்டில் வியன்னா நகரத்தில் வாழ்ந்த பெர்டினாண்ட் ஹெப்ரா. சிகிச்சை, போதனை என்னும் இரண்டையும் ஒன்றாகவே கருதி அவர் நடத்திய வாழ்க்கை, வைத்தியத் துறைக்கு வெளியே உள்ளவர்களும் அறியத்தக்கது.

மொராவியா நாட்டு புரூன் நகரத்தில் 1816-ஆம் ஆண்டு பிறந்த ஹெப்ரா, 1841-இல் வியன்னாவில் வைத்தியப் பட்டம் பெற்றார். இரண்டாம் யோசேப்புச் சக்கரவர்த்தி 1784-இல் திறந்துவைத்த அந்நகரத்துப் பொது ஆஸ்பத்திரியில் அப்போது இரண்டு பேராசான்கள் இருந்தனர். இறந்தோர் உடலை அறுத்துப் பார்த்து, நோய் உறுப்பில் விட்டுச்சென்ற மாறுதலைக் காட்டியவர் ரொகிடான்ஸ்கி. உயிரோடிருப்பவனின் மார்பைத் தட்டியும் காது வைத்துக் கேட்டும் அதே மாறுதலை ஊகித்தவர் ஸ்கோடா. ஸ்கோடாவின் மார்பு நோய்ப் பிரிவோடு ஒட்டினாற்போலச் சரும நோயாளிகளுக்கென ஒரு பகுதி இருந்தது. அங்கே கிடந்தவர்களுள் பெரும்பாலோர் சிரங்கு பிடித்த ஏழைத் தொழிலாளிகள். கீர்த்தியை நாடிய இளம் வைத்தியர்கள் விரும்பிச் செல்லும் இடமன்று அது. அந்தப் பகுதியைத்தான் ஹெப்ரா தம் கல்விச்சாலையாக ஏற்றுக்கொண்டார்.

சிரங்கைப் பற்றி அக்காலத்து ஐரோப்பியப் பண்டிதர் பலர் கொண்டிருந்த கொள்கை விசித்திரமானது. உடம்புக்குள் ஊறும் கெட்ட நீர்கள் தோலின் வழியே வெளியேறுவதே சிரங்கு என்றும், அதை மருந்திட்டு அடக்கினால் விஷம் உள்ளே திரும்பிக் க்ஷயம் முதலிய கொடிய நோய்களாக வெளிப்படும் என்றும் அவர்கள் நம்பினார்கள். இத்தனைக்கும், சிரங்குக்கு நுண்ணிய உண்ணியொன்று காரணம் என்பதை இத்தாலியர்களான பொனோமோவும் செஸ்தோனியும் 1687-இலேயே எழுதிவிட்டார்கள். கார்சிகா தீவிலிருந்து பாரிஸுக்குப் படிக்கவந்த ரெனூச்சி என்ற மாணாக்கர், தம் ஊர்ப் பெண்கள் செய்வதைப் போல அந்த உண்ணியை ஊசிமுனையால் எடுத்து, 1834-இல் செயின்ட் லூயி ஆஸ்பத்திரிப் பேராசிரியர்களுக்கு நேரிலேயே காட்டிவிட்டார். ஆயினும், உண்ணி இருப்பதை ஒப்புக்கொண்டவர்களுள்ளும் பலர், அது நோயின் விளைவே அன்றிக் காரணமன்று என்று சாதித்து வந்தார்கள்.

ஹெப்ரா வாதத்தில் இறங்காமல் பரிசோதனையில் இறங்கினார். நோயாளியின் விரலிடுக்கிலும் மணிக்கட்டின் உட்புறத்திலும் மயிரிழை போல வளைந்து ஓடும் கோட்டைத் தேடி, அதன் ஒரு நுனியில் தெரியும் சிறு புள்ளியை ஊசியால் கிளறி எடுத்து, உருப்பெருக்கியின் கீழ் வைத்துப் பார்த்தால், எட்டுக் கால்களோடு உண்ணி நகர்வது தெரியும். அதை மற்றொருவர் தோலில் விட்டால் அங்கும் சிரங்கு உண்டாகிறது. அதைக் கொன்றுவிட்டால் சிரங்கு தீர்ந்துபோகிறது. தீர்ந்தபின் க்ஷயமும் வருவதில்லை, வேறெந்த உள்நோயும் வருவதில்லை. இந்தச் சோதனைகளுக்குத் தம் உடம்பையே உட்படுத்திக்கொண்ட அவர், கண்ட உண்மைகளை 1844-இல் கட்டுரையாக வெளியிட்டார். கந்தகம், தார், மெதுசோப்பு, கொழுப்பு ஆகியவற்றைக் கலந்த களிம்பொன்று அவர் திருத்தியமைத்த முறையில் நெடுங்காலம் வழங்கியது. இரத்தம் கெட்டவன் என்று ஒதுக்கப்பட்டவன், உண்ணி ஒட்டிக்கொண்ட சாதாரண மனிதன் என்று ஆனான்.

சிரங்கில் கண்ட இந்த வழியை ஹெப்ரா மற்றச் சரும நோய்களுக்கும் விரித்தார். நேர்வாள எண்ணெயை ஆரோக்கியமான தோலில் தடவிக் கரப்பானை உண்டாக்கிக் காட்டி, புறத்தே உறுத்தும் பொருள்களே அந்நோயைத் தோற்றுவிக்கக் கூடும் என்று நிரூபித்தார். ரொகிடான்ஸ்கி உள்ளுறுப்புகளுக்குக் கையாண்ட முறையையே தோலுக்குப் பொருத்தி, திசுக்களில் நிகழும் மாறுதல்களை ஆதாரமாகக் கொண்டு சரும வியாதிகளைப் பன்னிரண்டு வகுப்புகளாக 1845-இல் பிரித்தார். பெயர்களின் காடாகக் கிடந்த ஒரு துறை, மாணாக்கன் நடந்து பழகக்கூடிய நிலமாயிற்று.

1849-இல் அவர் பேராசிரியரானபோது, அவருடைய பாடத்தைக் கேட்க வெளிநாட்டு மாணாக்கர்களும் திரண்டார்கள். அவருடைய போதனையின் சாரம் எளியது: முதலில் பார், பிறகு கேள். நோயாளி தன் கதையைச் சொல்லத் தொடங்குமுன், புண் எங்கே இருக்கிறது, எங்கே இல்லை, எந்த இடம் பழையது, எந்த இடம் புதியது, நகத்தின் கீறல் எதுவரை எட்டியிருக்கிறது என்பவற்றை மாணாக்கன் தன் கண்ணாலேயே கண்டு சொல்லவேண்டும். நோயாளியின் வார்த்தையை அலட்சியம் செய்வதன்று இதன் நோக்கம். கேட்ட கதைக்கு ஏற்பக் கண் காண்பதைத் திரித்துக்கொள்ளாதிருக்கும் பயிற்சி அது. ஆஸ்பத்திரிக்கு வரமுடியாதவர்களுக்காக, வைத்தியரும் ஓவியருமான எல்பிங்கரையும் ஹைட்ஸ்மனையும் கொண்டு, சரும நோய்களின் வர்ணப் படங்கள் அடங்கிய பெருந்தொகுதியை 1856 முதல் இருபது ஆண்டுக் காலத்தில் பகுதி பகுதியாக வெளியிட்டார். அவரிடம் பயின்ற ஜேம்ஸ் கிளார்க் வைட், 1871-இல் ஹார்வர்டில் அமெரிக்காவின் முதல் சருமநோய்ப் பேராசிரியரானார். மற்றொரு மாணாக்கரும் மருமகனுமான கபோசி, ஆசிரியரின் பாடநூலை அவரோடு சேர்ந்து எழுதி முடித்து, பின்னர் அவருடைய பீடத்தையும் ஏற்றார்.

போதனையில் பெற்ற புகழ் அவரை நோயாளியின் கட்டிலிலிருந்து விலக்கிவிடவில்லை. தீயில் வெந்தவர்களுக்கும், உடம்பெங்கும் கொப்புளம் வெடித்துக் கிடந்தவர்களுக்கும் படுக்கைத் துணி பட்டாலே பிராணவேதனை. அவர்களுக்காக ஹெப்ரா நீர்ப்படுக்கை ஒன்றை அமைத்தார். வெதுவெதுப்பான நீர் நிறைந்த தொட்டிக்குள், துணி கட்டிய சட்டமொன்றை ஏற்றவும் இறக்கவும் தக்கவாறு பொருத்தி, தலைக்குத் தலையணை வைத்து, நோயாளியை இரவும் பகலும் அதிலேயே கிடத்துவார்கள். தேவைப்பட்டால் வாரக்கணக்கிலும் மாதக்கணக்கிலும் நீரிலேயே உண்டு உறங்கியவர்கள் உண்டு. நோய் தீராதவர்க்கும் வலி குறைந்தது. குணமாக்க முடியாத இடத்திலும் ஆறுதல் அளிக்கக் கடமைப்பட்டவன் வைத்தியன் என்பதை இதைவிடத் தெளிவாக எந்தப் பிரசங்கமும் போதித்திராது.

மற்றவர் கண்ட உண்மைக்கும் அவர் துணைநின்றார். பிரசவ ஜுரத்தால் தாய்மார்கள் மாண்டதற்கு வைத்தியர்களின் சுத்தமற்ற கைகளே காரணம் என்று அவருடைய நண்பர் செம்மல்வைஸ் கண்டறிந்து, தாமே எழுதி வெளியிடத் தயங்கியிருந்தபோது, தாம் ஆசிரியராயிருந்த வைத்தியப் பத்திரிகையில் 1847 டிசம்பரிலும் 1848 ஏப்ரலிலும் அதை உலகுக்கு முதலில் அறிவித்து, ஜென்னரின் அம்மைப்பாலுக்கு நிகரானது என்று பாராட்டியவர் ஹெப்ராவே.

அவர் கொள்கையிலும் குறையுண்டு. தோலின் நோயைத் தோலிலேயே தேடும் ஆர்வத்தில், உள்ளுடம்புக்கும் சருமத்துக்கும் உள்ள சம்பந்தத்தை அவர் சற்றே குறைத்து மதித்தார். பின்வந்த கிருமி விஞ்ஞானமும் எதிர்ப்புச் சக்தி பற்றிய ஆராய்ச்சியும் அந்தத் தராசைச் சரிசெய்தன. ஆனால் அப்படித் திருத்துவதற்கு வேண்டிய கண்ணையும் முறையையும் வழங்கியவர் அவரே.

1880-இல் ஹெப்ரா மறைந்தார், சிரங்கு மறையவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2017-இல் அதைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்திருக்கிறது. முதல்முறை தொற்றியவருக்கு அரிப்புத் தொடங்கவே நாலு முதல் ஆறு வாரம் ஆகலாம். அதற்குள் வீட்டிலுள்ள மற்றவர்களுக்கும் அது பரவிவிடும். ஆகையால் அரிப்பு இருப்பவர், இல்லாதவர் என்று பாராமல், வைத்தியர் சொன்னபடி குடும்பத்தார் அனைவரும் ஒரே சமயத்தில் மருந்து பூசிக்கொள்வதும், உடுத்த துணியையும் விரிப்பையும் வெந்நீரில் துவைப்பதும் அவசியம். உண்ணி செத்தபின்னும் சில வாரம் அரிப்பு நீடிக்கலாம். அதைக் கண்டு மனம் தளரவேண்டியதில்லை. இரவெல்லாம் சொறியும் குழந்தையை அதட்டாமலும், அதன் தாயைப் பழிக்காமலும், உடனே வைத்தியரிடம் அழைத்துச் செல்கிற வீடுதோறும் ஹெப்ராவின் பாடம் பலித்திருக்கிறது என்றே கொள்ளலாம்.