எண்ணிக்கை சரிதான், ஆனால் நடத்தை? தொப்பையும் இரத்தத் தட்டணுக்களும்

டிங்கி காய்ச்சல் வந்துவிட்டால் நம் வீடுகளில் எழும் முதல் கேள்வி, "பிளேட்லெட் எவ்வளவு?" என்பதுதான். ஒரு மைக்ரோலிட்டர் இரத்தத்தில் 150,000-க்குக் கீழே இறங்கினால் கவலை தொடங்கிவிடும். யாராவது ஒருவர் பப்பாளி இலை தேடிக் கிளம்பிவிடுவார்.

அதே பிளேட்லெட், அதாவது இரத்தத் தட்டணு, எண்ணிக்கையில் குறையே இல்லாமலும் தொல்லை கொடுக்கும். இடுப்பைச் சுற்றிக் கொழுப்பு சேர்ந்தவர்களிடம் அதன் நடத்தை மாறிவிடுகிறது. இதைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை.

தட்டணுக்கள் எலும்பு மஜ்ஜையில் உருவாகி, 7 முதல் 10 நாள்கள் வரை இரத்தத்தில் சுற்றி வருபவை. பால்மரம் வெட்டும் கத்தி கையில் கீறிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இரத்தக் குழாயின் உட்சுவர் கிழிந்து, அடியில் இருக்கும் கொலாஜன் வெளியே தெரியும். தட்டணுவின் மேற்பரப்பில் உள்ள புரதங்கள் அதைப் பற்றிக்கொள்கின்றன. உடனே தட்டணுவுக்குள் கால்சியம் கூடுகிறது. அக்கம்பக்கத்துத் தட்டணுக்களை அழைக்க 'திராம்பாக்சேன்' போன்ற வேதிப்பொருள்கள் வெளியேறுகின்றன. மேற்பரப்பில் மடங்கிக் கிடந்த இன்னொரு புரதம் கை விரித்து, ஒன்றோடொன்றைக் கோத்துவிடுகிறது. இரத்தம் நிற்கிறது.

இந்த அழைப்பு ஓயாமல் ஒலித்தால் ஆபத்து. அதனால் பிரேக்கும் உண்டு. ஆரோக்கியமான இரத்தக் குழாய்ச் சுவர் நைட்ரிக் ஆக்சைடைச் சுரந்து தட்டணுக்களை அமைதிப்படுத்தும். இன்சுலினும் அதற்குத் துணை நிற்கும்.

உடல் பருமன் கைவைப்பது இந்தப் பிரேக்கில்தான். வயிற்றுக் கொழுப்பைச் சும்மா கிடக்கும் மூட்டை என்று நினைத்துவிடக் கூடாது. அது லெப்டின் என்ற ஹார்மோனையும் அழற்சியைத் தூண்டும் புரதங்களையும் இரத்தத்தில் கலந்துகொண்டே இருக்கிறது. நன்மை செய்யும் அடிப்போனெக்டின் குறைகிறது. இன்சுலினின் சொல் எடுபடாமல் போகிறது, நைட்ரிக் ஆக்சைடுக்கும் தட்டணு சரியாகச் செவிசாய்ப்பதில்லை. போதாக்குறைக்கு, உறைந்த கட்டி கரைவதைத் தாமதப்படுத்தும் புரதமும் கூடுகிறது. பருமனாக இருக்கும் எல்லாருக்கும் இரத்தம் உறைந்துவிடும் என்பதல்ல. ஆனால் இதயக் குழாயில் படிந்த கொழுப்பு ஒரு நாள் வெடித்தால், எப்போதும் அரைத் தயார் நிலையில் இருக்கும் தட்டணுக்கள் அங்கே சட்டென்று குவியும். அதுதான் மாரடைப்பு. மூளைக் குழாயில் நடந்தால் பக்கவாதம்.

2002-இல் இத்தாலிய ஆய்வாளர்கள் இதைப் பெண்களிடம் சோதித்தார்கள். இடுப்பிலும் தொடையிலும் பருமனாக இருந்தவர்களைவிட, வயிற்றில் கொழுப்பு சேர்ந்தவர்களிடம்தான் தட்டணுக்கள் அதிகம் கிளர்ந்திருந்தன. அவர்களில் 12 வாரத் திட்டத்தில் எடை குறைத்தவர்களிடம் அந்தக் கிளர்ச்சியும் தணிந்தது. எனக்கு நம்பிக்கை தந்த செய்தி இது. பழுதானது பிரேக்தான், வண்டி அல்ல.

மலேசியாவில் 2023 தேசிய சுகாதார ஆய்வின்படி பெரியவர்களில் 54.4 விழுக்காட்டினர் அதிக எடை அல்லது பருமன் உள்ளவர்கள். முந்தைய 2019 ஆய்வில் இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களே முன்னணியில் இருந்தார்கள். நமக்குத் தேவையில்லாத முதலிடம். தோட்டத்தில் விடியுமுன் எழுந்து நிரை நிரையாக நடந்த தலைமுறையின் பிள்ளைகள் நாம். நடை போய்விட்டது, சீனி தூக்கலான தே தாரிக் மட்டும் அப்படியே இருக்கிறது.

சிலர் பக்கத்து வீட்டுக்காரரின் ஆஸ்பிரினை வாங்கி, "இரத்தம் மெலியட்டும்" என்று விழுங்குகிறார்கள். ஆஸ்பிரின் திராம்பாக்சேன் உருவாவதைத் தடுப்பது உண்மை. ஆனால் வயிற்றில் இரத்தக்கசிவை உண்டாக்கலாம், டிங்கி நேரத்தில் உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவர் சொல்லாமல் வேண்டாம்.

கிளினிக்கில் எடுக்கும் வழக்கமான இரத்தப் பரிசோதனை தட்டணுக்களை எண்ணித்தான் சொல்லும், அவற்றின் நடத்தையைச் சொல்லாது. ஆனால் தொப்பையை அளக்க வீட்டில் தையல் நாடா ஒன்று போதும். நேராக நின்று, மூச்சை இயல்பாக வெளியே விட்டு, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில் அளக்க வேண்டும். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 என்பது நம் நாட்டில் வகுத்துள்ள எல்லை. சிலுவாரின் இடுப்பளவை நம்பவேண்டாம். தொப்பை வந்தவர்கள் சிலுவாரைத் தொப்பைக்குக் கீழேதான் கட்டுகிறார்கள்.