நரம்புக் கதைகள் – 14: மூன்றாவது பெயர் எங்கே போனது?

வயிற்றில் ஆபரேஷன் நடந்தவருக்குக் கால் ஏன் விழுகிறது என்று கேட்டு நிறுத்தியிருந்தேன். நரம்பைப் போர்த்தியிருக்கும் மயலின் உறையும் அதைக் கடித்துக் குதறும் நம் சொந்த நோய் எதிர்ப்புப் படையும் தொடர்ந்து படிப்பவர்களுக்கு நினைவிருக்கும். புதிதாக வருபவர்கள் பழைய இதழைப் புரட்டிக்கொள்ளுங்கள்.

பதிலைத் தேடிப் போன நான் 1916இல் மாட்டிக்கொண்டேன். முதல் உலகப் போர் நடக்கிறது. பிரெஞ்சு ஆறாவது படையின் நரம்பியல் மையத்துக்கு இரண்டு சிப்பாய்கள் வருகிறார்கள். கை கால் வலுவிழந்திருக்கிறது. முழங்காலுக்குக் கீழே தட்டினால் கால் துள்ளவில்லை. கில்லன், பாரே, ஸ்ட்ரோல் என்ற மூன்று மருத்துவர்கள் அவர்களின் தண்டுவட நீரை எடுத்துப் பார்த்தார்கள். புரதம் ஏகத்துக்கு ஏறியிருந்தது. அணுக்களோ கூடவே இல்லை. கிருமி புகுந்திருந்தால் வெள்ளணுக்கள் திரண்டிருக்க வேண்டுமே! நூறு வருஷம் தாண்டியும் நரம்பியல் வார்டுகளில் இந்த முரணைத்தான் தேடுகிறார்கள். முதல் வாரத்தில் புரதம் ஏறாமலும் இருக்கலாம் என்பது பின்னால் தெரிந்த சங்கதி.

அந்தச் சிப்பாய்களின் அனிச்சைத் துடிப்புகளைக் கருவியில் பதிந்து, கோடுகளாக வரைந்து காட்டியவர் ஆந்த்ரே ஸ்ட்ரோல். அவர்கள் வெளியிட்ட கட்டுரையில் மூன்று பெயரும் உண்டு. 1927இல் திராகனெஸ்கு, கிளாடியன் என்ற இருவர் இந்நோய் பற்றிய உரையில் நோய்க்குக் ‘கில்லன் பாரே’ என்று பெயர் வைத்தபோது, ஸ்ட்ரோல் காணாமல் போனார். அந்த உரையை அறிமுகம் செய்துவைத்தவர் யார் தெரியுமா? சாட்சாத் பாரே! கூட உழைத்தவர் பெயர் விட்டுப்போனதை அவர் கவனிக்கவில்லை என்று நம்ப எனக்கு மனசு வரவில்லை. காலில் தொடங்கி மேலே ஏறும் இதே வாதத்தை 1859லேயே எழுதிவைத்த லாந்திரி என்ற மருத்துவரின் பெயரைச் சேர்க்கவும் கில்லன் கடைசிவரை இணங்கவில்லை.

சரி, ஆபரேஷனுக்கு வருவோம். நம் பக்கம் அதற்குப் பிறகு எது வந்தாலும் பழி முதுகில் போட்ட ஊசி மேல்தான். முழு மயக்கம் கொடுத்துச் செய்த ஆபரேஷனுக்குப் பிறகும் கில்லன் பாரே வருகிறது. அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் இந்நோய்க்குச் சிகிச்சை பெற்ற 208 பேரின் கோப்புகளைப் புரட்டியதில், 31 பேருக்கு அறுவை முடிந்த எட்டு வாரத்துக்குள் நோய் தொடங்கியிருந்தது. புற்றுநோயோ வேறு தன்னெதிர்ப்பு நோயோ முன்பே இருந்தவர்கள் அவர்களில் அதிகம். இதைப் படித்துவிட்டு யாரும் ஆபரேஷன் தேதியைத் தள்ளிப்போட வேண்டாம். வருஷத்துக்கு லட்சம் பேரில் ஒருவர் இருவருக்கு வரும் நோய் இது. அதில் ஒரு பங்குதான் இந்த 31.

அதே மருத்துவமனை 2010இல் வெளியிட்ட இன்னொரு ஆய்வு என்னை இன்னும் உலுக்கியது. அறுவைக்குப் பின் நரம்பு அழற்சி கண்ட 33 பேரில் 21 பேரின் நரம்பிலிருந்து துணுக்கு எடுத்துப் பார்த்தார்கள். இருபத்தோரு துணுக்கிலும் அழற்சி அணுக்கள். கத்தி பட்டதாலோ, மேஜையில் கால் அழுந்தியதாலோ வந்த கோளாறு என்று ஒதுக்கிவிடக்கூடிய பாதிப்புகள் இவை. அறுவையின் அதிர்ச்சி நோய் எதிர்ப்புப் படையை ஏன் இப்படித் திருப்பிவிடுகிறது என்பதற்கு முடிவான விடை இன்னும் வரவில்லை.

ஆபரேஷன் முடிந்து சில நாளிலோ வாரத்திலோ இரண்டு காலும் மரத்து, பலவீனம் மேலே ஏறினால், ‘சத்தில்லை, கஞ்சி குடித்தால் சரியாகும்’ என்று வீட்டில் உட்காராதீர்கள். தையல் பிரிக்கும் தேதிக்கும் காத்திருக்காதீர்கள். மூச்சுத் தசை வரை போகும் நோய் இது. இம்யூனோகுளோபுலினோ பிளாஸ்மா மாற்றமோ முதல் இரண்டு வாரத்துக்குள் தொடங்கினால்தான் முழுப் பலன்.

தோள்பட்டையைத் தாக்கும் பார்சனேஜ் டர்னர் பற்றி இந்த வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். ஸ்ட்ரோல் இடத்தைத் தின்றுவிட்டார். அது அடுத்த வாரம்.