இரண்டும் 'பாம்' தானா?

டீயை ஆற்றிக் கொடுப்பதற்குள் பக்கத்து வீட்டுத் தம்பி செல்போனை என் பக்கம் திருப்பினார். இரண்டு படங்கள். இரண்டிலும் வெள்ளைப் பஞ்சுருண்டை போல ஒரு குட்டி, கறுப்பு மூக்கு, பொத்தான் கண்கள். இரண்டின் கீழும் 'பாம் குட்டி' என்றே போட்டிருந்தது. விலைதான் ஒன்றைவிட மற்றது ஆறு மடங்கு.

"ரெண்டும் ஒரே நாய்தானேக்கா? எதை வாங்கட்டும்?"

"முதல்ல டீயைக் குடிங்க தம்பி. ரெண்டும் ஒரே நாய் இல்லை" என்றேன்.

அம்பத்தூர், ஆவடிப் பக்கம் பொமரேனியன், சுருக்கமாக 'பாம்', என்று கூப்பிடப்படும் நாய்களில் பெரும்பாலானவை இந்தியன் ஸ்பிட்ஸ். 1996-ல் ஆவடி டாங்கி பேக்டரி குடியிருப்பிலிருந்து ஒரு பழைய துண்டில் சுற்றி நாங்கள் எடுத்துவந்த ஜிம்மியும் ஸ்பிட்ஸ்தான். பதின்மூன்று வருஷம் எங்களோடு இருந்தது. அதன் தடுப்பூசி அட்டையில் கடைசிவரை 'பாம்' என்றே எழுதியிருந்தது, யாரும் திருத்தவில்லை.

இரண்டுக்கும் பாட்டன் ஒருவன்தான். பால்டிக் கடலோரத்தில், இன்றைக்கு ஜெர்மனிக்கும் போலந்துக்குமாகப் பிரிந்து கிடக்கும் பொமரேனியாவின் பெயர் அந்த நாய்க்கு ஒட்டிக்கொண்டது. அந்தக் காலத்து பொமரேனியன் நல்ல கனமான நாய். 1888-ல் விக்டோரியா மகாராணி இத்தாலியின் பிளாரன்ஸ் நகருக்குப் போனபோது மார்கோ என்ற சின்ன நாயை வாங்கி வந்தார். அதற்குப் பிறகு சின்னதாக இருப்பதே மதிப்பு என்றாகி, சிறியதோடு சிறியதைச் சேர்த்துச் சேர்த்து உருவத்தைக் குறைத்துக்கொண்டே வந்தார்கள். மார்கோ ஏறத்தாழ ஐந்தரை கிலோ இருந்ததாகச் சொல்வார்கள். நம் தெருவில் வாசற்கேட்டின் கம்பிக்கு நடுவே மூக்கை நீட்டிக் குரைக்கிற சின்ன ஸ்பிட்ஸின் எடையும் அதுதான், 5 முதல் 7 கிலோ. பெரிய வகை 12 கிலோவுக்கு மேலும் போகும். இன்றைய பொமரேனியனோ ஒன்றரை கிலோவிலிருந்து 3 கிலோவுக்குள் நின்றுவிடுகிறது.

வெள்ளைக்காரர் காலத்தில் இங்கே வந்த ஸ்பிட்ஸ்களின் வாரிசுகள் இங்கேயே பெருகின. நம் வெயிலையும் ஈரத்தையும் பார்த்துப் பழகிய வம்சம். 80-களிலும் 90-களிலும் வெளிநாட்டு நாய் கிடைப்பது கஷ்டமாக இருந்தபோது, நடுத்தர வீடுகளுக்கெல்லாம் கிடைத்த செல்லம் இதுதான். 1994-ல் வந்த 'ஹம் ஆப்கே ஹைன் கௌன்' படத்தில் டஃபியாக வந்ததும் ஒரு வெள்ளை ஸ்பிட்ஸ். அண்ணா நகரில் தலைமையகம் வைத்திருக்கும் கென்னல் கிளப் ஆஃப் இந்தியா இந்தியன் ஸ்பிட்ஸைத் தனி இனமாகவே பதிவு செய்கிறது.

"சரிக்கா, அழகுல எது?"

அழகை விட்டுவிடுங்கள், உங்கள் வீட்டில் பகல் இரண்டு மணிக்கு யார் இருப்பார்கள் என்று கேட்டேன். அவருக்குத் தொழிற்பேட்டையில் ஷிப்ட் வேலை. அவர் மனைவி காலையில் போனால் ஆறு மணி ஆகும். பையன் யுகேஜி. அம்மா இருக்கிறார், ஆனால் தை பிறந்தால் ஊருக்குப் போய்விடுவார்.

இங்கேதான் அந்த இரண்டு கிலோவும் ஆறு கிலோவும் தனித்தனி நாய்களாகின்றன. மிகச் சிறிய குட்டியின் உடம்பில் சேமிப்பு கிடையாது. ஒரு வேளைத் தீனி தவறினால் ரத்தத்தில் சர்க்கரை இறங்கிவிடும்; துவண்டு விழும், வலிப்பு வரும். ஒரு நாளைக்கு நான்கு தடவையாவது கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்க ஆள் வேண்டும். பூந்தமல்லியில் என் உறவுக்காரப் பெண் ஒருத்தி 'டீகப் பாம்' என்று சொல்லி விற்ற குட்டி ஒன்றை வாங்கினாள். இரண்டு மாதம் என்றார்கள். பல்லைப் பார்த்த டாக்டர் ஐந்து வாரம்தான் இருக்கும் என்றார். நான்காம் நாள் அவள் ஆபீசிலிருந்து வருவதற்குள் குட்டி சில்லிட்டுக் கிடந்தது. ஈறில் தேன் தடவித் தூக்கிக்கொண்டு ஓடினாள். பிழைக்கவில்லை. இதைச் சொல்லும்போது இன்றைக்கும் எனக்குத் தொண்டை அடைக்கிறது. டீகப் என்று தனி இனம் எந்தப் பதிவேட்டிலும் கிடையாது. தாயிடமிருந்து சீக்கிரம் பிரித்த குட்டிக்கும், வளர்ச்சி குன்றிய குட்டிக்கும் அப்படிப் பெயர் வைத்து அதிக விலை சொல்கிறார்கள்.

வளர்ந்த பொமரேனியனுக்கும் எலும்பு பென்சில் பருமன்தான். சோபாவிலிருந்து குதித்தால், ஐந்து வயதுப் பையன் கையிலிருந்து நழுவினால், முன்னங்கால் முறியும். முழங்கால் சில்லு நழுவுவதும், மூச்சுக்குழல் தளர்ந்து வாத்து கத்துவது போல இருமுவதும் இந்தச் சின்ன இனத்தில் அடிக்கடி பார்க்கிற தொந்தரவுகள். அதனால் கழுத்துப் பட்டை கூடாது, மார்பைச் சுற்றி மாட்டும் பட்டைதான் சரி. நாள் முழுக்கக் கூடவே இருந்து பார்க்கப் பெரியவர் ஒருவர் இருக்கிற, சின்னப் பிள்ளைகள் இல்லாத வீட்டுக்கு அது உயிரான துணை. அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஸ்பிட்ஸுக்கு அவ்வளவு காவல் வேண்டாம். ஆனால் குரைக்கும். கேஸ் சிலிண்டர்காரர், கூரியர், எதிர்வீட்டுப் பூனை எல்லாரையும் அறிவிக்கும். பொமரேனியனும் குரைக்கும்தான், ஸ்பிட்ஸின் குரல் இரண்டு தெரு தாண்டும். பக்கத்துச் சுவர் ஒட்டிய பிளாட்டில் இருக்கிறவர்கள் இதை முதலிலேயே யோசிக்க வேண்டும்.

வெயிலைப் பற்றித் தம்பி கேட்கவில்லை, நானே சொன்னேன். மெரினாவில் மதியமே வீசும் கடற்காற்று நம் பக்கம் வந்து சேர நேரமாகும். பூந்தமல்லி, ஆவடிக்கு இன்னும் தாமதம். மே மாதம் மூன்று மணிக்கு மொட்டைமாடி வீடு அடுப்பாக இருக்கும். நாய்க்கு உடம்பெல்லாம் வேர்க்காது. நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிலேதான் சூட்டை வெளியேற்றும். ஸ்பிட்ஸின் முகம் நரி மாதிரி நீளம், காதும் பெரிது. பொமரேனியனில் 'டெடி முகம்' என்று தேடி வாங்குகிற குட்டை மூக்குக் குட்டிகள் இந்த வெயிலில் கூடுதலாகத் திணறும். இரண்டுக்குமே மயிர் இரண்டு அடுக்கு. கோடைக்கு மொட்டை அடித்துவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அந்த அடுக்குதான் வெயில் தோலில் படாமல் தடுக்கிறது. வழித்தால் சிலவற்றுக்குத் திரும்ப ஒழுங்காக முளைப்பதே இல்லை. தினமும் சீப்பு, தரையில் ஈரச்சாக்கு, தார் ரோட்டில் புறங்கையை வைத்துப் பார்த்து, சுடவில்லை என்றால் மட்டும் நடை.

இன்னொன்று, நம் சமையலறை. சர்க்கரைப் பொங்கலிலும் பாயசத்திலும் கிடக்கும் உலர்திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். சாம்பார் சாதத்தின் வெங்காயம் அதன் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். ஏழு கிலோ உடம்பு ஓரளவு தாங்குகிற அளவை இரண்டு கிலோ உடம்பு தாங்காது. பையன் பாசத்தில் ஊட்டுவான், அதனால்தான் சொல்கிறேன்.

மழைக்காலத்தில் தெருவில் நிற்கிற தண்ணீரில் எலி மூத்திரம் கலந்து எலிக்காய்ச்சல் வரும். அதற்கும் சேர்த்துத்தான் தடுப்பூசி போட வேண்டும். உண்ணிக் காய்ச்சல் இரண்டு இனத்தையும் விடாது. அம்பத்தூர் 2011-லிருந்து சென்னை மாநகராட்சிக்குள் இருப்பதால் உரிமமும் வாங்க வேண்டும். வெறிநோய்த் தடுப்பூசிச் சான்று கேட்பார்கள்.

"அப்போ ஸ்பிட்ஸ்தான்னு சொல்றீங்க."

"உங்க வீட்டுக்கு அதுதான். ஆனா போட்டோவைப் பார்த்து வாங்காதீங்க."

எட்டு வாரத்தில் இரண்டு குட்டியும் ஒரே பஞ்சுருண்டைதான். நான்கைந்து மாதம் போனால்தான் கால் நீளுவது தெரியும். பேப்பர் இருக்கிறது என்றால் அதில் தாய் தகப்பன் எந்த இனம் என்று போட்டிருக்கும், படித்துப் பாருங்கள். பேப்பர் இல்லாவிட்டால் தாயைப் பாருங்கள். தாய் எங்கே என்று கேட்டதும் பேச்சை மாற்றுகிறவரிடம் வாங்கவே வேண்டாம். எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கக் கூடாது என்று 2017-ல் மத்திய அரசு விதியே போட்டிருக்கிறது. தாயின் அளவுதான் குட்டியின் நாளைய அளவுக்கு நல்ல அடையாளம். தாய் மெலிந்து, மயிர் கொட்டி, ஆளைக் கண்டு ஒடுங்கினால் திரும்பி வந்துவிடுங்கள்.

டம்ளரைக் கீழே வைத்தார். பட்டாபிராமில் ஒரு வீட்டில் ஸ்பிட்ஸ் குட்டி போட்டிருக்கிறதாம், தாயும் அங்கேயே இருக்கிறதாம். ஞாயிற்றுக்கிழமை நானும் கூட வர வேண்டும் என்றார். சரி என்றேன்.

"வேற என்னக்கா எடுத்துட்டு வரணும்?"

"ஒரு பழைய துண்டு. தாய் மேல நல்லாத் தேய்ச்சு, அதுல குட்டியைச் சுத்திக் கொண்டாங்க. ஒரு வாரத்துக்குத் துவைக்காதீங்க. ராத்திரி அழுதா அதைப் பக்கத்துல போடுங்க."