துகள் கலந்த நிக்கல்: தேயாதது துருவையும் தடுக்குமா?

1990களின் முற்பாதியில் பிஎம்டபிள்யூ எம்60 வி8 எஞ்சின்கள் பலவற்றில் ஒரே கோளாறு தலைகாட்டியது. அதிகம் ஓடாத வண்டியில்கூட கம்ப்ரஷன் இறங்கும், ஐடிலிங்கில் எஞ்சின் குலுங்கும். சிலிண்டர் சுவரில் இருந்தது நிக்கசில் என்ற பூச்சு. சிலிக்கான் கார்பைடு துகள்களை உள்ளே பதித்து, மின்சாரத்தால் ஏற்றிய நிக்கல் முலாம் அது. ஜெர்மனியின் மாலே நிறுவனம் 1967இல் உருவாக்கியது. போர்ஷே 917 பந்தயக் காரில் பேர் வாங்கியது. பிஸ்டன் வளையம் எத்தனை முறை உரசினாலும் அசையாத அந்தப் பூச்சைப் பெட்ரோலில் இருந்த கந்தகம் தின்றுவிட்டது. எரிந்த கந்தகம் ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகி நிக்கலைக் கரைத்தது. பிஎம்டபிள்யூ அந்தப் பூச்சையே கைவிட்டது. பிறகு ஜாகுவாரும் வார்ப்பிரும்பு உறைக்கு மாறியது.

தேய்மானத்தைத் தாங்குவது ஒரு கணக்கு, அரிப்பைத் தாங்குவது இன்னொரு கணக்கு. நானோ துகள் கலந்த நிக்கல் பூச்சு இரண்டையும் சேர்த்துத் தரும் என்று ஆய்வுக் கட்டுரைகள் அடுக்கடுக்காக வருகின்றன. தரும்தான், ஆனால் துகள் சொன்னபடி கேட்டால்.

இந்தப் பூச்சை ஏற்றும் தொட்டியில் இருப்பது பெரும்பாலும் 1916இல் அமெரிக்காவின் ஆலிவர் வாட்ஸ் சொன்ன கரைசல்தான்: நிக்கல் சல்பேட், நிக்கல் குளோரைடு, போரிக் அமிலம். அதில் சிலிக்கான் கார்பைடு, அலுமினா, டைட்டானியம் டை ஆக்சைடு போன்ற ஒரு பொடியைப் போட்டுக் கலக்கிக்கொண்டே மின்சாரம் பாய்ச்சுவார்கள். எதிர்மின்வாயில் தொங்கும் பொருளின் மேல் துகள் வந்து ஒட்டும். சுற்றிலும் வளரும் நிக்கல் அதை மூடிவிடும். ஒரு சதுர டெசிமீட்டருக்கு 5 ஆம்பியர் கொடுத்தால் நிமிடத்துக்குச் சுமார் ஒரு மைக்ரான் நிக்கல் ஏறும்.

சாதாரண வாட்ஸ் நிக்கலின் கடினம் 130 முதல் 200 விக்கர்ஸ். நானோ துகள் சேர்ந்தால் அது கணிசமாக உயர்கிறது. காரணம் இரண்டு. துகள் குறுக்கே நிற்பதால் நிக்கல் படிகங்கள் பெரிதாக வளர முடியாமல் பொடிப்பொடியாக அமைகின்றன. உலோகம் வளையும்போது படிக அடுக்கின் உள்ளே நகரும் பிசகுகளும் துகளில் முட்டி நிற்கின்றன.

துருவின் கதைதான் சிக்கலானது. துத்தநாகம் பூசினால், கீறல் விழுந்தாலும் துத்தநாகம் தான் கரைந்து இரும்பைக் காக்கும். நிக்கலுக்கு அந்தக் குணம் கிடையாது. இரும்பைவிட அது அரிப்புக்கு எளிதில் இடம் கொடுக்காத உலோகம். அதனால் பூச்சில் ஊசிமுனை அளவு துளை இருந்தாலும் அந்த இடத்து இரும்பு, பூச்சே இல்லாததைவிட வேகமாக உள்ளே குடையப்படும். ஆகவே துளை இருக்கிறதா இல்லையா என்பதே முக்கியக் கேள்வி. நன்றாகப் பரவிய நானோ துகள் இடுக்குகளை அடைத்து, உப்புநீர் இறங்கும் வழியைச் சுற்றுவழியாக்குகிறது. திரண்டுவிட்டாலோ அதுவே துளைக்குக் காரணம்.

திரளாமல் இருப்பது எளிதல்ல. 2 மைக்ரான் துகள் ஒன்றின் எடையில் 50 நானோமீட்டர் துகள்கள் 64,000 அடங்கும். மேற்பரப்பு 40 மடங்கு. ஒன்றையொன்று ஒட்டிக்கொள்ளும் ஆசையும் அப்படியே பெருகும். துகள்களை விலக்கி வைக்கும் மின்விலக்கமோ வாட்ஸ் கரைசலின் உப்புச் செறிவில் சுருங்கிவிடுகிறது. கொதிநீரில் மொத்தமாகக் கொட்டிய ரவை போலக் கட்டி தட்டும். அதனால்தான் பொடியைக் கூட்டக் கூட்டப் பலன் ஓர் அளவுவரை ஏறி, பிறகு சரிகிறது. இதற்கு மீயொலியால் கலக்குகிறார்கள், சோப்புத்தன்மையுள்ள வேதிப்பொருள் சேர்க்கிறார்கள், மின்சாரத்தை மில்லிவினாடிக் கணக்கில் விட்டுவிட்டுப் பாய்ச்சுகிறார்கள். கிராஃபீன் இப்போதைய மோகம். ஆனால் அது மின்கடத்தி, நிக்கலைவிட அரிப்புக்கு அசையாதது. பூச்சின் மேல் துருத்தி நின்றால் பக்கத்து நிக்கல் கரைவதை அதுவே தூண்டக்கூடும்.

எனவே, சில மைக்ரான் பூச்சை 3.5 சதவீத உப்புநீரில் சிறிது நேரம் வைத்து எடுத்த அரிப்பு அளவை மட்டும் காட்டி யாராவது மார்தட்டினால் நான் அவசரப்பட்டு நம்பமாட்டேன். 35 டிகிரியில் 5 சதவீத உப்புநீரைத் தூவும் பழைய சோதனையில் எத்தனை மணி நேரம் தாங்கியது என்று கேட்பேன்.

பட்டறையில் வேறொரு தலைவலி. நிக்கல் பிளேட்டிங் செய்பவர்கள் கரைசலை ஓயாமல் வடிகட்டுகிறார்கள். தூசு ஒட்டினால் பூச்சு சொரசொரப்பாகும். துகள் கலந்த தொட்டியில் அப்படி வடிகட்டினால் தூசோடு காசு கொடுத்து வாங்கிய பொடியும் போய்விடும். நிறுத்தினாலோ பொடியோடு தூசும் பூச்சுக்குள் ஏறும்.