ஜாவா நிரலுக்கு ஒரு கட்டுச்சோறு

(பத்தாம் வகுப்பு மாணவி)

"ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது" என்பது நம் முன்னோர் கூறிய பழமொழி. கணிப்பொறி வகுப்பில் நாம் எழுதும் நிரல்களுக்கு இப்பழமொழி மிகவும் பொருந்தும். ஆண்டு முழுவதும் முயன்று எத்தனையோ நிரல்களை எழுதுகிறோம். ஆய்வுக்கூடத்தில் அவை அழகாக இயங்குகின்றன. ஆசிரியையும் பாராட்டி மதிப்பெண் அளிக்கிறார். ஆனால் செய்முறைத் தேர்வு முடிந்தவுடன் அவை அந்தக் கணிப்பொறியிலேயே உறங்கிவிடுகின்றன. அவற்றை எடுத்துச் சென்று வீட்டில் அண்ணனிடமோ, அடுத்த தெரு அக்காவிடமோ கொடுத்தால் அங்கே அவை இயங்க மறுக்கின்றன. எழுதியவரின் கணிப்பொறியில் மட்டும் இயங்கும் நிரலால் பிறருக்கு என்ன பயன்?

ஐ.சி.எஸ்.இ. பாடத்திட்டத்தில் கணிப்பொறிப் பாடத்தை விருப்பப் பாடமாக எடுத்தவர்கள் ஜாவா என்னும் மொழியைக் கற்கிறோம். அந்த மொழியில் எழுதிய நிரலைப் பிறர் கணிப்பொறியிலும் இயங்கும்படி ஒரே கோப்பாகக் கட்டிக் கொடுப்பது எவ்வாறு என்பதை இக்கட்டுரையில் காண்போம். ஓர் எடுத்துக்காட்டைக் கையில் வைத்துக்கொண்டால் விளங்குவது எளிது. ஒரு பள்ளி நூலகத்தில் யார் எந்த நூலை எடுத்துச் சென்றார், என்று திருப்பித் தரவேண்டும் என்பனவற்றைக் குறித்து வைக்கும் ஒரு சிறு நிரலை மாணவிகள் எழுதியிருப்பதாக வைத்துக்கொள்வோம். நூலகத்தைக் கவனிக்கும் சிஸ்டரின் மேசையில் ஒரு பழைய கணிப்பொறி இருக்கிறது. அதில் இணைய வசதி இல்லை. சிஸ்டருக்கு நிரல் எழுதத் தெரியவேண்டிய அவசியமும் இல்லை. அவர் ஒரு படத்தின்மேல் இருமுறை சொடுக்கினால் நிரல் திறக்க வேண்டும். அதுவே நம் குறிக்கோள்.

ஜாவா பிறந்த கதை

1991ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தில் ஜேம்ஸ் காஸ்லிங் என்பவரும் அவருடைய தோழர்களும், தொலைக்காட்சி முதலிய வீட்டுச் சாதனங்களை இயக்குவதற்கான ஒரு திட்டத்தில் ஈடுபட்டனர். ஒவ்வொரு சாதனத்தின் உள்ளேயும் வெவ்வேறு வகைச் சில்லு இருந்தது. ஒன்றுக்கு எழுதிய நிரல் மற்றொன்றில் ஓடாது. இதற்காகக் காஸ்லிங் ஒரு புதிய மொழியை உருவாக்கினார். முதலில் அதற்கு ஓக் என்று, ஒரு மரத்தின் பெயரையே சூட்டினார். பின்னர் அது ஜாவா என்று பெயர் மாற்றம் பெற்று 1995ஆம் ஆண்டில் உலகிற்கு அறிமுகமாயிற்று. சன் நிறுவனத்தை 2010ஆம் ஆண்டில் ஆரக்கிள் நிறுவனம் வாங்கியது.

காஸ்லிங் கண்ட வழி என்ன? நாம் எழுதும் ஜாவா நிரலைக் கம்பைலர் என்னும் மொழிபெயர்ப்பு நிரல் நேரடியாக எந்தச் சில்லின் மொழிக்கும் மாற்றுவதில்லை. உலகில் எங்குமே இல்லாத ஒரு கற்பனைப் பொறியின் மொழிக்கு மாற்றுகிறது. இதற்குப் பைட்கோடு என்று பெயர். அந்தக் கற்பனைப் பொறியைப் போல நடிக்கும் மென்பொருள் ஒன்று ஒவ்வொரு கணிப்பொறியிலும் இருந்தால் போதும், ஒரே பைட்கோடு எல்லாவற்றிலும் ஓடும். இந்த மென்பொருளையே ஜாவா மெய்நிகர் பொறி என்கிறோம். "ஒருமுறை எழுது, எங்கும் இயக்கு" என்பது சன் நிறுவனம் முழங்கிய வாசகம். ஆனால் அந்த "எங்கும்" என்ற சொல்லுக்குப் பின்னால் சில நிபந்தனைகள் ஒளிந்திருக்கின்றன. அவற்றை அறிந்து கட்டுவதே நம் வேலை.

ஜார் என்னும் ஜாடி

நம் நூலக நிரலில் நூலகம், புத்தகம், உறுப்பினர் என்று மூன்று கிளாஸ்கள் இருந்தால், கம்பைலர் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே ஒரு கிளாஸ் கோப்பை உண்டாக்கும். ஒவ்வொரு கிளாஸ் கோப்பின் முதல் நான்கு பைட்டுகளைப் பதினாறுநிலை எண்முறையில் எழுதினால் "கஃபே பேப்" என்று ஆங்கில எழுத்துகளில் வாசிக்கலாம்! இது ஜாவாவை உருவாக்கியவர்கள் விளையாட்டாக இட்ட முத்திரை. இக்கோப்புகளுள் ஒன்று விடுபட்டாலும் நிரல் பாதியில் நின்றுவிடும். எனவே 1997ஆம் ஆண்டில் வெளிவந்த ஜாவா 1.1 பதிப்பில், எல்லாக் கோப்புகளையும் ஒன்றாக அடைத்து வைக்க ஜார் என்னும் கோப்பு முறை வந்தது. ஜாவா ஆர்கைவ் என்பதன் சுருக்கமே ஜார். ஆங்கிலத்தில் ஜார் என்றால் ஜாடி. நம் வீட்டு ஊறுகாய் ஜாடியைப் போல எல்லாவற்றையும் தன்னுள் அடக்கிக்கொள்வதால் பெயர் பொருத்தமாகவே அமைந்துவிட்டது.

இந்த ஜாடி உண்மையில் நாம் அனைவரும் அறிந்த ஜிப் கோப்பே. ஃபில் காட்ஸ் என்பவர் 1989ஆம் ஆண்டில் அளித்த அந்த முறையில், கோப்பின் தொடக்கத்தில் அவருடைய பெயரின் முதலெழுத்துகளான பி, கே இரண்டும் இருக்கும். ஜார் கோப்பிலும் அவ்வெழுத்துகளைக் காணலாம். ஆகவே, ஜாடியின் மூடியை யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்க முடியும் என்பதை நினைவிற் கொள்ளவேண்டும். கடவுச்சொல் முதலிய இரகசியங்களை ஒருபோதும் அதனுள் வைக்கலாகாது.

ஜாடியின் மேல் ஒட்டும் சீட்டு

ஜாடிக்குள் பல கிளாஸ் கோப்புகள் இருக்கும்போது எதிலிருந்து தொடங்குவது என்று கணிப்பொறிக்கு எவ்வாறு தெரியும்? அதற்காக ஜாடிக்குள் மெட்டா-இன்ஃப் என்னும் கோப்புறையில் மேனிஃபெஸ்ட் என்ற சிறு கோப்பு வைக்கப்படுகிறது. அதில் "மெயின்-கிளாஸ்" என்று எழுதி, முக்காற்புள்ளியும் ஓர் இடைவெளியும் இட்டு, தொடங்கவேண்டிய கிளாஸின் பெயரை எழுதவேண்டும். அந்த வரிக்குப் பின் கட்டாயம் என்டர் விசையை அழுத்தி வரியை முடிக்கவேண்டும். இல்லாவிடில் கடைசி வரி கணக்கில் கொள்ளப்படாமல் போகக்கூடும். சீட்டு சரியாக இல்லையென்றால் "நோ மெயின் மேனிஃபெஸ்ட் ஆட்ரிப்யூட்" என்ற பிழைச் செய்தி வரும். அதன் பொருள், "எங்கே தொடங்குவது என்று எனக்குச் சொல்லவில்லையே" என்பதுதான்.

இச்சீட்டைக் கையால் எழுதாமலும் செய்யலாம். ஜாவாவுடன் வரும் ஜார் என்ற கருவியிடம் மூன்று செய்திகளைத் தெரிவித்தால் போதும்: புதிய ஜாடியின் பெயர், தொடக்கக் கிளாஸின் பெயர், உள்ளே வைக்கவேண்டிய கோப்புகள். சீட்டை அதுவே எழுதிக்கொள்ளும். வகுப்பில் நாம் பயன்படுத்தும் புளூஜே மென்பொருளிலும் ஜார் கோப்பு உருவாக்கும் வசதி உண்டு. ஆனால் புளூஜேயில் ஒரு கிளாஸின் எந்தச் செயற்கூற்றையும் நாமே தேர்ந்தெடுத்து இயக்கிவிடலாம். வெளியுலகில் அந்த வசதி இல்லை. ஆதலால் தொடக்கக் கிளாஸில் மெயின் என்னும் செயற்கூறு கட்டாயம் இருக்கவேண்டும்.

அங்கே அடுப்பு உண்டா?

ஜார் கோப்பு என்பது அரிசி, பருப்பு, காய்கறிகளை மூட்டையாகக் கட்டிக்கொண்டு உறவினர் வீட்டுக்குப் போவதைப் போன்றது. அங்கே அடுப்பு இருந்தால்தான் சமைக்கலாம். அடுப்பு என்பது ஜாவா மெய்நிகர் பொறி. அது இல்லாத கணிப்பொறியில் ஜார் கோப்பு வெறும் மூட்டையே.

அடுப்பு இருந்தால் மட்டும் போதாது. அது பழைய அடுப்பாகவும் இருக்கலாகாது. ஒவ்வொரு கிளாஸ் கோப்பிலும் ஒரு பதிப்பு எண் பொறிக்கப்பட்டிருக்கும். ஜாவா பதிப்பின் எண்ணோடு 44ஐக் கூட்டினால் அந்த எண் கிடைக்கும். 2014இல் வந்த ஜாவா 8க்கு 52. 2021இல் வந்த ஜாவா 17க்கு 61. 2023இல் வந்த ஜாவா 21க்கு 65. ஆய்வுக்கூடத்தில் ஜாவா 21 கொண்டு மாற்றிய நிரலை ஜாவா 8 மட்டுமே உள்ள சிஸ்டரின் கணிப்பொறியில் இயக்கினால், "65ஐ நான் அறியேன், 52 வரைதான் எனக்குத் தெரியும்" என்ற பொருளில் பிழைச் செய்தி வரும். இதற்குப் பரிகாரம் எளிது. ரிலீஸ் என்னும் குறிப்பைக் கொடுத்து, "ஜாவா 8க்கு ஏற்றபடி மாற்று" என்று கம்பைலரிடம் முன்கூட்டியே சொல்லிவிடலாம். பழைய அடுப்பில் சமைத்தது புதிய அடுப்பிலும் வேகும். புதிய அடுப்புக்கென்றே செய்தது பழையதில் வேகாது.

வழியில் வரும் நான்கு இடறல்கள்

முதலாவது, கண்ணுக்குத் தெரியாத நிரல். வகுப்பில் நாம் எழுதும் நிரல்கள் பெரும்பாலும் எழுத்துகளை அச்சிட்டு, விசைப்பலகையில் விடை கேட்பவை. விண்டோஸ் கணிப்பொறியில் ஜார் கோப்பை இருமுறை சொடுக்கினால், எழுத்துகள் தோன்றும் கறுப்புச் சாளரம் இல்லாமலே அது இயங்கும். நிரல் ஓடியும் திரையில் ஒன்றும் தோன்றாது. பார்ப்பவர் நிரல் கெட்டுவிட்டது என்றே எண்ணுவார். இதைத் தவிர்க்க, ஸ்விங் என்ற தொகுப்பைக் கொண்டு பொத்தான்களும் பெட்டிகளும் உள்ள சாளரம் அமைக்கலாம். அல்லது, கறுப்புச் சாளரத்தைத் திறந்து நிரலை இயக்கும் கட்டளையை ஒரு பேட்ச் கோப்பில் எழுதி ஜாருடன் சேர்த்துக் கொடுக்கலாம்.

இரண்டாவது, படங்களும் பதிவுகளும். நூலகத்தின் சின்னம் ஒன்றை "டி டிரைவில் இந்த உறையில் இருக்கிறது" என்று நிரலில் எழுதினால், சிஸ்டரின் கணிப்பொறியில் அந்த உறை இராது. படத்தை ஜாடிக்குள்ளேயே வைத்து, ஜாடிக்குள்ளிருந்து படிக்கும் முறையில் நிரலை எழுதவேண்டும். ஆனால் நாள்தோறும் மாறும் புத்தகப் பதிவுகளை ஜாடிக்குள் வைப்பது முறையன்று. அவற்றைப் பயன்படுத்துபவரின் சொந்தக் கோப்புறையில் சேமிக்கவேண்டும்.

மூன்றாவது, பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும். ஆங்கிலப் பெரிய எழுத்தில் பெயரிட்ட கோப்பைச் சிறிய எழுத்தில் அழைத்தாலும் விண்டோஸ் பொறுத்துக்கொள்ளும். ஜாடிக்குள் அந்தச் சலுகை கிடையாது, லினக்ஸிலும் கிடையாது. புளூஜேயில் தோன்றிய படம் ஜாரில் மறைந்துவிட்டால் முதலில் இதையே சோதிக்கவேண்டும்.

நான்காவது, நம் தாய்மொழி சம்பந்தப்பட்டது. நிரலில் தமிழில் எழுதிய நூற்பெயர்கள் வேறொரு கணிப்பொறியில் கேள்விக்குறிகளாக மாறிவிடுவதுண்டு. முன்பெல்லாம் ஜாவா, கோப்புகளைப் படிக்கவும் எழுதவும் அந்தந்தக் கணிப்பொறியின் எழுத்துக் குறியீட்டு முறையையே பின்பற்றியது. 2022இல் வந்த ஜாவா 18 முதல், தமிழையும் உலகின் பிற மொழிகளையும் குறிக்கவல்ல யூ.டி.எஃப்-8 முறை எங்கும் பொதுவானதாக ஆக்கப்பட்டது. பழைய ஜாவாவுக்காகக் கட்டுபவர்கள், கம்பைலரிடமும் நிரலிலும் யூ.டி.எஃப்-8 என்று வெளிப்படையாகக் குறிப்பிட்டால் தமிழ் எழுத்துகள் சிதையாமல் சென்று சேரும்.

அடுப்பையும் சேர்த்துக் கட்டுதல்

சிஸ்டரின் கணிப்பொறியில் ஜாவாவே இல்லை, இணையமும் இல்லை. என்ன செய்வது? அதற்கும் வழி பிறந்திருக்கிறது. 2017இல் வந்த ஜாவா 9இல் ஜேலிங்க் என்ற கருவி வந்தது. நிரலுக்குத் தேவையான பகுதிகளை மட்டும் பொறுக்கி எடுத்து ஒரு சிறு ஜாவாவை அது செய்து தரும். பின்னர் வந்த ஜேபேக்கேஜ் என்ற கருவி, 2021இல் ஜாவா 16இல் முழுத் தகுதி பெற்றது. அது நிரலையும் அச்சிறு ஜாவாவையும் ஒன்றாகக் கட்டி, விண்டோஸில் மற்ற மென்பொருள்களைப் போலவே இருமுறை சொடுக்கி இயக்கும் கோப்பாகத் தருகிறது. இதுவே உண்மையான கட்டுச்சோறு. போகிற இடத்தில் அடுப்பு தேட வேண்டியதில்லை. பொட்டலத்தைப் பிரித்தால் போதும்.

இதிலும் இரண்டு செய்திகளை அறிந்திருக்க வேண்டும். ஒன்று, ஜார் கோப்பைவிட இந்தப் பொட்டலம் மிகப் பெரியது. சில கிலோபைட் அளவுள்ள நிரலுக்குச் சில பத்து மெகாபைட் ஜாவாவும் உடன் செல்கிறது. இரண்டு, விண்டோஸுக்கான பொட்டலத்தை விண்டோஸ் கணிப்பொறியிலும், லினக்ஸுக்கானதை லினக்ஸிலும், மேக் கணிப்பொறிக்கானதை மேக்கிலும்தான் கட்ட முடியும். ஜாடி எங்கும் செல்லும், ஆனால் அடுப்பை எதிர்பார்க்கும். கட்டுச்சோறு எதையும் எதிர்பாராது, ஆனால் ஓரிடத்துக்கு மட்டுமே உரியது. பெறுபவரின் நிலையை அறிந்து தேர்ந்தெடுப்பதே அறிவுடைமை.

முடிவுரை

கட்டி முடித்த பொட்டலத்தை எழுதிய கணிப்பொறியிலேயே சோதித்துத் திருப்தி அடைதல் தவறு. அங்கே எல்லாப் பொருள்களும் முன்பே இருப்பதால் குறைகள் வெளிப்படா. ஜாவாவே இல்லாத வேறொரு கணிப்பொறியில், நிரலைப் பற்றி ஒன்றும் அறியாத ஒருவரை அமர்த்தி, அருகில் நின்று வாய் திறவாமல் பார்க்கவேண்டும். அவர் யாரையும் கேளாமல் நிரலைத் திறந்து ஒரு நூலைப் பதிவு செய்துவிட்டால், அன்றுதான் அந்நிரல் எழுதி முடிந்தது என்று பொருள்.

அன்புத் தோழியரே! நிரல் எழுதும்போது நம் அறிவு வளர்கிறது. அதைப் பிறருக்காகக் கட்டும்போதோ, "அவரிடம் என்ன இருக்கிறது? என்ன இல்லை? எங்கே அவர் திகைத்து நிற்பார்?" என்று பிறர் நிலையிலிருந்து எண்ணிப் பார்க்கக் கற்றுக்கொள்கிறோம். இந்த ஆண்டு நீங்கள் எழுதும் நிரல்களில் ஒன்றையேனும் இவ்வாறு கட்டி, வேண்டிய ஒருவர் கையில் கொடுங்கள். அப்போது நம் ஏட்டுச் சுரைக்காயும் கறிக்கு உதவும்.